பச்சை நூல் கட்டிய மேக்னெட்டோ

வண்டி ஆறியிருந்தால் ஓடுகிறது, சூடானால் நின்றுவிடுகிறது என்று யாராவது வந்து சொன்னால், இந்த வயதிலும் அந்த வண்டியில் கை வைக்க எனக்குத் தயக்கம்தான். இதைவிடச் சிக்கலான பழுதுகளையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு பழுதைத் தேடிப் போன இடத்தில்தான், என் வீட்டு மனிதர்கள் எனக்கு என்ன செய்திருந்தார்கள் என்பது தெரிந்தது.

யுத்தத்துக்கு முன் நான் மலாக்காவில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் வயர்மேனாக இருந்தேன். எஞ்சினைத் திறக்கிறவர்கள் வேறு. டைனமோ எரிந்தால், விளக்கு மங்கினால், தீப்பொறி வராவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். காஜா பெராங்கில் எங்களுக்கு ஒரு பலகை வீடு இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். அப்போது எனக்குப் பதினெட்டு, தங்கைக்குப் பதினொன்று. அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது விட்டுப் போன ஒற்றைச் சிலிண்டர் வண்டி. என் கைக்கு வரும்போதே அதற்குப் பத்து வயது தாண்டியிருந்தது. அந்தக் காலத்து வண்டி ஓடுவதற்கு பேட்டரி வேண்டாம். எஞ்சின் பக்கத்தில் மேக்னெட்டோ என்று ஒரு சின்ன இயந்திரம் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சுற்றச் சுற்ற அதுவும் உள்ளே சுற்றி, தானே கரண்டை உண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும். அது செத்தால் வண்டி வெறும் இரும்பு.

வாங்கிய முதல் வருடமே அதன் சுருள் எரிந்துபோனது. புதியது சீமையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். நானே சுற்றிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். தலைமயிர் கனத்தில் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. பட்டறை வேலை முடிந்து தினம் ஒரு மணி நேரமாக ஒரு மாதம் சுற்றினேன். கடைசி அடுக்கின் மேல் பட்டு நூலால் இறுக்கிக் கட்டி அரக்குப் பூச வேண்டும். அன்று பார்த்து நூல் தீர்ந்துவிட்டது. தங்கை தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு பச்சைப் பட்டு நூல்கண்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பச்சையா இருந்தா கரண்டு ஓடாதாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த வண்டியின் பின்சீட்டில் அதிகம் உட்கார்ந்தவன் என் சிநேகிதன். அதே பஸ் கம்பெனியில் டிக்கெட் கணக்கு எழுதுகிற கிராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போய் வருவோம். நல்ல எழுத்து, நல்ல பேச்சு, குடி கிடையாது. தங்கைக்கு இருபது ஆனபோது அவனையே அவளுக்குக் கட்டிவைத்தேன். வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் மச்சான் என்றும் நீங்க என்றும் கூப்பிட ஆரம்பித்தோம். வீட்டின் பின்பகுதியை அவர்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு நான் முன்னறையில் இருந்துகொண்டேன். சாப்பாடு தங்கை கையால்தான்.

ஜப்பான்காரன் வந்தான். ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பாலத்தருகே தலைகளைக் குத்தி வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

உத்தரவு ஓடுகிற வண்டிக்குத்தானே என்று நான் நினைத்தேன். மேக்னெட்டோவை மட்டும் கழற்றினேன். தங்கை அதை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சாக்குத்துணிக்குள் வைத்து நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்தில் புதைத்தேன். மச்சான் அப்போது வேலை தேடி வெளியே போயிருந்தான்.

"இது உன் வீட்டுக்காரருக்கும் தெரிய வேணாம்மா. தெரியாத விசயத்துக்கு அடி விழாது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். கிக்கரை உதைத்துப் பார்த்தார்கள், மேக்னெட்டோ இருந்த காலி இடத்தைப் பார்த்தார்கள், ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு டயரையும் விளக்கையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வண்டி கோழிக்கூட்டுப் பக்கம் சாய்ந்தபடி நின்றது. எனக்கு அதில் ஒரு சின்ன வெற்றிகூட இருந்தது. உயிரை எடுத்து நாம் வைத்துக்கொண்டோம், உடம்பை வைத்து அவன் என்ன செய்வான் என்று.

பஸ் கம்பெனி ஏற்கெனவே மூடியிருந்தது. நான் சைக்கிள்களுக்கு டயருக்குப் பதில் தோட்டக் குழாயை வெட்டிக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டைச் சுற்றி மரவள்ளி போட்டோம். மச்சான் ஜப்பானிய எழுத்து சொல்லிக் கொடுக்கிற வகுப்புக்குப் போனான். கெட்டிக்காரன், ஆறே மாதத்தில் நாலு வார்த்தை பேசினான். இரண்டாம் வருடம் அவர்களுடைய போக்குவரத்து ஆபீசில் கிராணி வேலை கிடைத்தது. அதன் பிறகு எங்கள் அடுப்பில் அவ்வப்போது அரிசி கொதித்தது. வெறும் மரவள்ளி தின்றுகொண்டிருந்த அக்கம்பக்கத்தார் எங்கள் வேலியைத் தாண்டிப் போகும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அந்த அரிசியை நானும் தின்றேன்.

அந்த வேலை கிடைத்து மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் மச்சான் வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"மச்சான், ஆபீஸ்ல ஒரு மோட்டார் சைக்கிள் ரோசாக் ஆயிருச்சி. யாராலயும் முடியல. நாளைக்கி நீங்க வந்து பாக்கணும்."

"என்ன பண்ணுது?"

"மூணு நாலு மைல் நல்லா ஓடுது. அப்புறம் பொசுக்குன்னு நின்னுருது. கொஞ்ச நேரம் நெழல்ல போட்டா மறுபடியும் ஓடுது."

"பெட்ரோலு பாத்தாங்களா?"

"எல்லாம் பாத்தாச்சி. கரண்டு கோளாறுங்கறாங்க. நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

என்னைக் கேட்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், என் கைத்திறமையைப் பற்றிப் பெருமையாக எங்கோ பேசியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

ஆபீசின் பட்டறை, என் பழைய பஸ் கம்பெனிக் கொட்டகைதான். என் மேசையும் அதில் நான் பூட்டிய இரும்பு இடுக்கியும் அதே இடத்தில் இருந்தன. அங்கே அதிகாரியாக ஒரு ஜப்பானியச் சார்ஜன், அவனுக்குக் கீழே ஒரு மலாய்க்கார மெக்கானிக், நாலைந்து கூலியாட்கள். சார்ஜன் குள்ளமான ஆள். சத்தம் போடமாட்டான். ஸ்பானர்களை வெள்ளைத்துணியில் உயரவரிசைப்படி அடுக்கி வைக்கச் சொல்வான். ஒன்று கோணலாக இருந்தால் தானே நேராக்குவான், பிறகு அதை வைத்தவன் கன்னத்தில் அறைவான். இரண்டையும் ஒரே மாதிரி அமைதியாகச் செய்வான்.

"இனி ரோசாக்" என்று, இது கெட்டுப்போயிருக்கிறது என்பதைத் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி வண்டியைக் காட்டினான்.

என் வண்டியின் அதே வகைதான். ஒரு வருடம் இளையது. அதனுடைய சொந்த மேக்னெட்டோ ஆற்றில் நனைந்து கெட்டுப்போய்விட்டது, இது பிறகு எங்கிருந்தோ கிடைத்தது என்று மச்சான் பக்கத்தில் நின்று சொன்னான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் எல்லா வண்டியுமே இன்னொன்றின் உறுப்பில்தான் ஓடியது.

பழுது பார்க்கிறவன் எளிதானதிலிருந்து தொடங்க வேண்டும். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பிளக்குக்குப் போகிற கனத்த வயரை வளைத்து வளைத்து வெடிப்பு தேடினேன். எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு மெல்லிய வயர் உண்டு. அது எங்காவது உரசி இரும்பில் பட்டால் தீப்பொறி முழுக்க அதன் வழியாக ஓடிவிடும். சூட்டில் வயர் இளகிப் படுகிறதோ என்று அதையும் கழற்றிவிட்டேன். பிறகு கிக்கரை உதைத்தேன். வண்டி உடனே எழுந்தது, சத்தத்தில் குறை எதுவும் இல்லை.

சிப்பாய் ஒருவனைப் பின்னால் ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்ற இடத்துக்குப் போகிற சாலையில் ஓட்டினேன். ஒன்றரை வருடம் கழித்து வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் காற்று அடித்தபோது, பின்னால் துப்பாக்கியோடு ஒருவன் இருக்கிறான் என்பதுகூட ஒரு மைல் தூரம் மறந்துபோனது. நாலாவது மைலில் ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு நின்றுவிட்டது.

உடனே பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டர் மேல் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைத்தேன். காலையில் கொட்டகையில் இதே பிளக்கில் தடித்த நீலப்பொறி பார்த்திருந்தேன். இப்போது சிவந்த, மெலிந்த ஒரு கீறல். மேக்னெட்டோவின் மேல் கை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. அதன் முனையில் உள்ள மூடியைத் திறந்து மறுபடி உதைத்தேன். திறந்து மூடுகிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நீலமாக எரிந்தது. பிளக்கில் எரிய வேண்டியது அங்கே எரிகிறது. பழுது வயரில் இல்லை, உள்ளே சுருளோடு சேர்ந்திருக்கிற கண்டென்சரில். ஈரம் குடித்த கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும், சூடானால் கைவிட்டுவிடும்.

அரை மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சிப்பாய் தன் வாழைப்பழத்தில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். வண்டி ஆறியதும் ஒரே உதையில் எழுந்தது. பழுது பிடிபட்ட சந்தோஷத்தில் நான் விசிலடித்துக்கொண்டே திரும்பினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை மேக்னெட்டோவைக் கழற்றி மேசையில் வைத்தேன். சார்ஜன் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், மலாய்க்காரர் எதிரில். உள்ளே சுற்றுகிற பாகத்தை உருவுவதற்கு முன்னால், அடியில் இருக்கும் ஒரு சின்னத் திருகைக் கழற்ற வேண்டும். தெரியாதவன் அதைக் கழற்றாமல் இழுத்து உள்ளே உடைத்துவிடுவான். நான் கழற்றினேன். காந்தம் பலம் இழக்காமலிருக்க அதன் வாயில் ஒரு இரும்புத் துண்டைக் குறுக்கே வைத்தேன். பிறகு மெதுவாக உருவினேன்.

பச்சை நூல்.

அரக்கும் எண்ணெயும் ஏறி மேற்புறம் பாசி நிறமாகியிருந்தது. நூலும் நூலும் நெருங்கிய இடுக்கில் மட்டும் பச்சை அப்படியே இருந்தது. முடிச்சைப் பார்த்தேன். இடது கையால் இழுத்து மடக்கிச் சொருகுகிற முடிச்சு, என் முடிச்சு. மலாக்காவில் வேறு எவனும் மேக்னெட்டோவைப் பச்சைப் பட்டில் கட்டியிருக்க முடியாது.

கை நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். சார்ஜன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவு வந்ததும் ஒரு துணியை எடுத்து அதைத் துடைப்பதுபோல் துடைத்தேன். இது என்னுடையது என்று வாய் திறந்தால், மறைத்து வைத்தவன் நானே என்று ஒப்புக்கொள்கிறேன். பொருள் என்னுடையது, ஆனால் அதைச் சொல்ல முடியாதவனும் நான் ஒருவன்தான்.

நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மச்சான்?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"சார்ஜன்கிட்ட என்னன்னு சொல்ல?"

"ரொம்ப நாளு ஈரத்துல கெடந்திருக்குன்னு சொல்லுங்க. மண்ணுக்குள்ள கெடந்த மாதிரி இருக்குன்னு."

அவன் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னான். நான் சொன்னதையா, வேறெதையா, எனக்குத் தெரியாது. சார்ஜன் தலையசைத்து, எத்தனை நாள் ஆகும் என்று விரல்களை விரித்துக் கேட்டான். நான் ஐந்து விரல் காட்டினேன்.

அந்த ஐந்து நாளும் நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். மச்சான் எப்படியோ நான் புதைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். வேலியோரம் நின்றிருப்பான். அல்லது மண் கலைந்திருந்ததைக் கவனித்திருப்பான். தங்கையை இதில் சேர்க்காமலிருக்க மனம் அப்படி ஒவ்வொரு வழியாகத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தது.

வேலையும் நடந்தது. ரொட்டிக்கடையில் மரவள்ளி ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். அதில் சுருளை இரண்டு பகல் வைத்து ஈரத்தை வாங்கினேன். உடைந்த கரண்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பிரித்து அதிலிருந்த அபிரகத் தகடுகளை எடுத்தேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வெட்டி, ஒரு தகடு ஒரு தாள் என்று மாற்றி மாற்றி அடுக்கிப் புது கண்டென்சர் செய்தேன். பூசுவதற்கு அரக்கு, நாற்காலி மேசைக்குப் பாலிஷ் போடும் சீனர் கடையில் கிடைத்தது. அதையும் மூன்று பூச்சு பூசிக் காயவைத்தேன்.

ஒரு வயரை அரைகுறையாகப் பற்றவைத்துவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. ஒரு மாதம் ஓடிவிட்டு எங்காவது காட்டில் நிற்கும். ஈயம் பற்றவைக்கிற கோலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஒழுங்காகவே பற்றவைத்தேன். தொழில் தர்மம் என்று பிற்காலத்தில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பயம்தான்.

ஐந்தாம் நாள் பூட்டினேன். எஞ்சினுக்குள் ஒரு சைக்கிள் கம்பியை விட்டுப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அளந்து, புள்ளிகளுக்கு இடையில் சிகரெட் தாளைச் செருகி, தாள் நழுவுகிற கணத்தைப் பார்த்துத் தீப்பொறி வரும் நேரத்தைச் சேர்த்தேன். அதே சிப்பாயோடு அதே சாலையில் போனேன். நாலு மைல், எட்டு மைல், பன்னிரண்டு மைல். நிற்கவே இல்லை. சார்ஜன் என் தோளில் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தான். மச்சானைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். மச்சான் இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தான்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது மலாய்க்கார மெக்கானிக் பக்கத்தில் வந்தார். என்னைவிட மூத்தவர். அண்ணன் முறையில் அபாங் என்றுதான் கூப்பிடுவேன். மலாயில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தப்பிச்சிட்டே தம்பி. நான் அஞ்சு நாளா உனக்காகப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு அபாங்?"

"உனக்குத் தெரியாதா? இந்த மேக்னெட்டோவைக் கொண்டாந்து கொடுத்ததே உன் மச்சான்தான். வண்டி வழியில நிக்க ஆரம்பிச்சதும், வேணும்னே கெட்ட சாமானைக் கொடுத்தியான்னு சார்ஜன் அவரைக் கேட்டான். உன் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? இதைச் சுத்துனது என் மச்சான், இதுல ஏதாவது வேலை பண்ணி வச்சிருந்தா அவன்தான் பண்ணியிருக்கணும்னார். நீ சரி பண்ணாட்டி உன்னை அன்னிக்கே கொண்டுபோயிருப்பான்."

சார்ஜன் கொடுத்த சிகரெட் ஈரக் கையில் நசுங்கியிருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் மண்வெட்டியால் தோண்டினேன். டின் தட்டுப்பட்டது. நான் புதைத்த அதே ஆழத்தில், அதே திசையில் இருந்தது. வெளியே எடுத்தேன், கனத்தது. மூடியைச் சுற்றி மெழுகு இருந்தது. ஒரு நொடி, எல்லாமே என் பிரமையோ, என் மேக்னெட்டோ இதற்குள்தான் இருக்கிறதோ என்று தோன்றியது.

மெழுகை உடைத்துத் திறந்தேன். சாக்குத்துணிப் பொட்டலம். நெருக்கமாக, ஒரே அளவில் போட்ட தையல். பிரித்தேன். உள்ளே எண்ணெய்த் துணி. அதற்குள் ஒரு கருங்கல்.

நான் எப்போதாவது டின்னைத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியவேண்டும் என்று வைத்த கல். பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாலும் சந்தேகம் வரக்கூடாது என்று போட்ட தையல். மச்சானுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. அந்தத் தையலை நான் சின்ன வயதிலிருந்து என் சட்டைகளில் பார்த்து வந்திருக்கிறேன்.

தங்கை வாசலில் உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கல்லைக் கொண்டுபோய் அவள் எதிரில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத எங்கேருந்து எடுத்தே?"

"அண்ணே..."

"கல்ல எங்கேருந்து எடுத்தேன்னு கேட்டேன்."

"ஆத்தோரத்துல." கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "அவரு பேரு சயாம் லிஸ்ட்ல வந்துருச்சிண்ணே. ரயில் ரோடு போடறதுக்கு. போனவங்க யாரும் திரும்பி வரல, உங்களுக்கே தெரியும். அந்த வண்டிக்கி சாமான் யாரு கொண்டாந்தாலும் பேர எடுத்துட்டு ஆபீஸ்ல வேல போட்டுத் தர்றேன்னு அந்த சார்ஜன் சொன்னானாம். அவரு வந்து அழுதாரு. நான்தான் எடம் காட்டினேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கொடுத்திருப்பேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு இரும்புத்துண்டுக்காக அவள் புருஷனை சயாமுக்கு அனுப்பியிருப்பேனா? மாட்டேன். ஆனால் அந்தக் கணத்தில் வாய் திறக்கவில்லை. அவள் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"சரி," என்றேன் கடைசியில். "எடுத்தீங்க, குடுத்தீங்க. வண்டி நின்னதும் எம்பேர எதுக்குச் சொன்னாரு? நான் வேணும்னே கெடுத்து வச்சேன்னு எதுக்குச் சொன்னாரு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அது அவளுக்குத் தெரியாது. தெரியாதது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தபோது நான் சமாதானம் சொல்லாமல் நின்றேன். ஏழு மாதக்காரியை அப்படி அழவிட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். ஆனால் அன்று என்னால் கை நீட்ட முடியவில்லை.

இரண்டு சட்டையையும் என் கருவிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனேன். ரொட்டிக்கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கியிருந்த அறையைக் கொடுத்தார். மாவே இல்லாததால் அறை காலியாகத்தான் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சார்ஜனுக்கு என் வேலை பிடித்துவிட்டது. மறுநாளே ஆள் அனுப்பினான். யுத்தம் முடிகிறவரை நான் அந்தக் கொட்டகையில் வேலை செய்ய வேண்டியதாயிற்று. மச்சானின் மேசை என் மேசையிலிருந்து பத்தடி. தினம் காலையில் எல்லார் காதிலும் விழும்படி, "சாப்பிட்டாச்சா மச்சான்?" என்பான். நானும் எல்லார் முன்னாலும், "ஆச்சி மச்சான்" என்பேன். எங்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று சார்ஜனுக்குத் தெரிந்தால் அதைத் தோண்டுவான், தோண்டினால் இருவருக்கும் ஆபத்து. அவனைக் காப்பாற்றாமல் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதபடி அவன் என்னைக் கட்டிவைத்திருந்தான்.

அந்த மோட்டார் சைக்கிளை மாதம் ஒருமுறை நான்தான் சுத்தம் செய்வேன். ஒரு தடவையும் அது வழியில் நிற்கவில்லை. குழந்தை பிறந்த செய்தி ஆபீசில் மற்றவர்கள் பேசித்தான் எனக்குத் தெரிந்தது. ஆண் குழந்தை. போய்ப் பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்ததும் அங்கிருந்த வண்டிகளையெல்லாம் திரும்பி வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. அந்த வண்டியும் அதில் போனது. அது யாருடைய மேக்னெட்டோ என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நான் கேட்கவும் இல்லை. பஸ் கம்பெனி மறுபடி திறந்தபோது நான் என் மேசையிலேயே தொடர்ந்தேன். மச்சானைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆபீசில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். என்னையும் சிலர் அப்படிப் பார்த்தார்கள். நான் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துத் தங்கை ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். கையில் வெற்றிலைத் தட்டு. பையனுக்குக் காது குத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்திருக்கிறோம் என்றாள்.

"தாய்மாமன் மடி இல்லாம எப்படிண்ணே காது குத்தறது? வேற யாரு இருக்கா எனக்கு?"

எண்ணெய்க் கையோடு நின்றேன். தட்டை வாங்கிக்கொண்டேன். அவளுக்காகவா, அந்தப் பையனுக்காகவா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்காகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பட்டுத்துண்டும் சட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பையனுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். அதுவரை அவனை நான் தொட்டதில்லை. மடியில் உட்காரவைத்ததும் புது ஆள் என்று அழாமல் என் மீசையைப் பிடித்து இழுத்தான். ஊசி குத்தியதும்தான் வீறிட்டான். அந்த உடம்பு என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. என்னை அறியாமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் விலகியபோது மச்சான் வந்து பக்கத்தில் குந்தினான். இளைத்திருந்தான். காலர் பிய்ந்திருந்தது.

"மச்சான், அன்னிக்கி எனக்கு வேற வழி தெரியல."

"எடுத்துக் குடுத்தத நான் கேக்கல. சயாமுக்குப் பயந்து குடுத்தே, அது போவட்டும். எம்பேர ஏன்டா சொன்னே?"

பல வருடத்துக்குப் பிறகு வாயில் வந்த 'டா' இருவரையுமே திடுக்கிடவைத்தது. அவன் குழந்தையின் காலைப் பிடித்து மெல்ல நீவிக்கொண்டிருந்தான்.

"நான் தப்பிக்கணும். உங்கள மாட்டிவிட்டா நீங்களும் தப்பிச்சிருவீங்கன்னு தெரியும். ஒங்களால முடியாத வேலையா அது?"

அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தான். அதனால்தான் என்னைப் பணயமாக வைக்க முடிந்தது அவனால். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தேன். கோயில் கொட்டகையில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நெடுநாளுக்குப் பிறகு வெள்ளைச் சோறு, சாம்பார் வாசனை. "அண்ணே, மொத இல ஒங்களுக்குத்தான்" என்று தங்கை பின்னால் வந்தாள். பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்று பட்டறைக்கு விடுமுறை. அவளுக்கும் அது தெரியும்.

அவள் இலைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் காஜா பெராங் சாலையில் இறங்கி நடந்தேன்.